கன்னி இனப்பெருக்கம்: சொல்லும் பொருளும்

ஆணின் விந்து சேராமலே முட்டை கருவாக வளர்வதைக் குறிக்கும் பார்த்தினோஜெனிசிஸ் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. பள்ளிப் பாடநூல் அதைக் ‘கன்னி இனப்பெருக்கம்’ என்கிறது. அறிவியல் செய்தி எழுதுபவர்கள் பல நேரம், குறிப்பாக ஆணே இல்லாத பல்லி இனங்களைப் பற்றி எழுதும்போது, ‘பாலிலா இனப்பெருக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். முதலாவது சரியானது. இரண்டாவது வேறொன்றின் பெயர்.

இந்த வேறுபாட்டைக் காண நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளிக் காடு ஒன்று போதும். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் அந்தப் பயிருக்கு யாரும் விதை போடுவதில்லை. முற்றிய தண்டைக் குச்சிகளாக நறுக்கி நடுகிறோம். முட்டையும் மகரந்தமும் இல்லாமல் உடலின் ஒரு துண்டே புதுச் செடியாகிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு விதைக்கிழங்கு, கரும்புக்குக் கரணை என எல்லாம் இதே வகைதான். இதுவே பாலிலா இனப்பெருக்கம். அதே மரவள்ளியின் குருத்தைச் சுருட்டிப் பாழாக்கும் மாவுப்பூச்சியைப் பாருங்கள். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரவள்ளி மாவுப்பூச்சி, 2020-ஆம் ஆண்டுக்குப் பின் நம் மாவட்டங்களில் உழவர்களைக் கலங்கடித்தது. அதில் பெண் பூச்சி உண்டு, சூலகம் உண்டு, முட்டையும் உண்டு. ஆண் மட்டும் தேவையில்லை. கருவுறாத முட்டையே பெண் குஞ்சாக வளர்கிறது. ஒற்றைப் பூச்சி ஒரு தோட்டத்தை நிறைத்துவிடுவது இதனால்தான். இது கன்னி இனப்பெருக்கம். நடுகிற குச்சிக்கும் அதில் ஒட்டியிருக்கும் பூச்சிக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் உயிரியலின் அடிப்படையே குழம்பிப் போகும்.

சொல் பிறந்த கதைக்கு வருகிறேன். கிரேக்கத்தில் பார்த்தெனோஸ் என்றால் கன்னிப்பெண். ஏதென்சின் பார்த்தெனான் கோயிலுக்குப் பெயர் கொடுத்ததும் இந்தச் சொல்தான். ஜெனிசிஸ் என்பது பிறப்பு, தோற்றம். செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியில் பெண்கள் ஆணைச் சேராமலே குட்டி ஈனுவதை சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் சார்லஸ் பொன்னே 1740-இல் கவனித்துவிட்டார். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ வருகிறது என்று தேனீ வளர்ப்பாளர் யான் ஜியர்சோன் 1845-இல் எழுதினார். 1849-இல் ஆங்கில உயிரியலாளர் ரிச்சர்டு ஓவன் இந்தச் சொல்லைத் தம் நூலின் தலைப்பாக்கினார். ‘டைனோசர்’ என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தவரும் அவரே.

பூச்சிகளில் ஒப்புக்கொண்ட செய்தியை முதுகெலும்பு உள்ள விலங்குகளில் ஒப்புக்கொள்ள அறிவுலகம் நெடுங்காலம் தயங்கியது. 1958-இல் சோவியத் விலங்கியலாளர் இல்யா தாரெவ்ஸ்கி, ஆர்மீனியாவின் பாறைப் பல்லிகளில் சில கூட்டங்கள் முழுக்க முழுக்கப் பெண்களே என்று அறிவித்தார். அதன்பின் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைகளிலும் மெக்சிகோவிலும் வாழும் சாட்டைவால் பல்லிகள் ஆய்வுக்கு வந்தன. அவற்றின் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆணற்றவை. பசிபிக் தீவுகளில் பரவியுள்ள ஒரு சிறு சுவர்ப்பல்லியும் அப்படியே.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லிகள் அப்படியல்ல. கொங்கில் ஒடக்கான் என்று சொல்லும் ஓணானும் ஆண் பெண் கூடியே பெருகுகிறது. கூடும் பருவத்தில் கழுத்துச் சிவந்து வேலி மேல் தலையாட்டுவது ஆண்தான்.

ஆணில்லாமல் முட்டை எப்படி வளர்கிறது என்று புரிய, உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையான குரோமோசோமை அறிய வேண்டும். அந்தப் பெயரை 1888-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் இட்டார். ‘நிற உடல்’ என்பது அதன் நேர்ப்பொருள். சாயம் ஏற்றினால் நன்றாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. பொருளுக்கென்று தனி நிறம் இல்லை. தமிழில் ‘நிறப்புரி’ என்று எழுதுகிறார்கள், ஈழத்துப் பாடநூல்களில் ‘நிறமூர்த்தம்’. முறுக்கிய இழையைப் ‘புரி’ என்று சொல்லும் அழகுக்காக எனக்கு நிறப்புரி பிடிக்கும். ஆயினும் மாணவருக்குப் பழகிய குரோமோசோமையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கன்னி இனப்பெருக்கம் என்ற சொல்லின் உயிர்நாடி குரோமோசோமில்தான் இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் சேவல் இல்லாமலே கோழிகள் கோடிக்கணக்கில் முட்டையிடுகின்றன. எதுவும் குஞ்சு பொரிப்பதில்லை. முட்டைக்குள் இருப்பது ஒரு தொகுதிக் குரோமோசோம். மறு தொகுதியைச் சேவல் கொடுக்க வேண்டும். ஆணின்றிப் பெருகும் பல்லி அந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுகட்டுகிறது.

முதல் வழி, முட்டை உருவாகும்போது பிரியும் துணையணுவை முட்டையோடே திரும்பச் சேர்ப்பது. கொமோடோ உடும்பில் நடப்பது இது போன்றதே. 2006-இல் இங்கிலாந்தின் இரண்டு விலங்குக் காட்சியகங்களில் பெண் உடும்புகள் ஆணின்றி இட்ட முட்டைகள் கரு வளர்த்தன. கோழியைப் போலவே உடும்பிலும் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என இரு வேறு பால் குரோமோசோம்கள். இரண்டு இசட் சேர்ந்தால் ஆண். இரண்டு டபிள்யூ சேர்ந்தால் கரு பிழைக்காது. ஆகவே கன்னி இனப்பெருக்கத்தில் பிறந்த அந்தக் குஞ்சுகள் ஆண்களாகவே இருந்தன. 1950-களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் வான்கோழிகளிடம் கண்டதும் இதே விளைவுதான்.

இரண்டாவது வழி சாட்டைவால் பல்லியினுடையது. முட்டைக்காகக் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு தொடங்கும் முன்பே அது தன் குரோமோசோம்களை ஒருமுறை கூடுதலாக இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு குரோமோசோமும் தன் நகலோடே இணை சேர்கிறது. இரண்டு முறை பகுத்த பின்னும் முட்டையில் தாயின் முழுத் தொகுதியும் குறையாமல் இருக்கிறது. 2010-இல் உறுதியான செய்தி இது. மகள் தாயின் படியெடுப்பு, மகளும் பெண்ணே.

இந்த ஆணற்ற இனங்களில் பெரும்பாலானவை இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்து பிறந்தவை. அப்படிக் கலந்த பெண் மறுபடி ஓர் ஆணைச் சேர்ந்தால் மூன்றாம் தொகுதி வந்து ஏறும், மும்மயம் உண்டாகும். பசிபிக் சுவர்ப்பல்லியில் 44 கொண்ட கூட்டமும் 66 கொண்ட கூட்டமும் இருப்பது இப்படித்தான். நம் பூவனும் கற்பூரவல்லியும் மும்மய வாழைகள். மூன்று தொகுதிகள் இணை சேர முடியாமல் தடுமாறுவதால் அவற்றில் விதை பிடிப்பதில்லை. கோபிசெட்டிபாளையத்து உழவர் பக்கக் கன்றை எடுத்து நடுகிறார். மும்மயப் பல்லிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. தன் நகலோடே இணை சேர்வதற்குத் தொகுதிகள் ஒற்றைப்படையாக இருந்தால் என்ன? வாழை கைவிட்ட முட்டை வழியைப் பல்லி இப்படித் தக்கவைத்துக்கொண்டது. 2011-இல் ஆய்வுக்கூடத்தில் மும்மயச் சாட்டைவாலை வேறோர் இன ஆணோடு சேர்த்து, நான்கு தொகுதிகளோடு தானே பெருகும் பெண் மரபு ஒன்றையும் உருவாக்கிவிட்டார்கள்.

பல்லிகளின் உறவான பாம்புகளில் கட்டாயமாக இந்த வழியில் மட்டுமே வாழ்வதாக அறியப்பட்டது ஒன்றே ஒன்று. அது நம் தோட்டத்து மண்ணில் இருக்கிறது. தென்னைக்குத் தண்ணீர் பாயும் ஈர மண்ணிலும் பூந்தொட்டியிலும் மண்புழு போல நெளியும் புழுப்பாம்புதான் அது. மும்மயம், 42 குரோமோசோம்கள். நஞ்சில்லாதது. தொட்டி மண்ணோடு கப்பலேறிக் கண்டங்கள் தாண்டிப் பரவிய பாம்பு, ஓர் உயிர் போய்ச் சேர்ந்தாலே ஊர் பெருகிவிடும் என்பதால். குட்டிப் பாம்பென்று அஞ்சி அதை அடித்துக் கொல்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இனி ‘கன்னி’ என்ற அடைமொழி. ஆற்றங்கரையில் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிடும் ஊர்கள் நம்முடையவை. அந்தச் சொல்லில் தூய்மையின், தெய்வத்தின் சாயல் இருக்கிறது. ஆகவே செய்தித் தலைப்புகள் ‘கன்னித்தாய் உடும்பு’, ‘அதிசயப் பிறப்பு’ என்று தாவிவிடுகின்றன. அறிவியல் பொருளில் கன்னி என்பது முட்டையைக் குறிக்கிறது, தாயை அன்று. முன்சொன்ன இரண்டில் லண்டனில் இருந்த கொமோடோ உடும்பு பின்னர் ஆணோடு சேர்ந்தும் குஞ்சு ஈன்றது. விந்து தொடாத முட்டை என்று பொருள் கொண்டால் சொல் பிசகாமல் நிற்கிறது. ‘ஆணிலா இனப்பெருக்கம்’ என்று மாற்றலாம் என்பவர்கள் உண்டு. ஆணும் பெண்ணும் இருக்கும் இனத்திலேயே எப்போதாவது இது நடப்பதால், அந்தப் பெயர் இனத்தில் ஆண் இல்லை என்ற தவறான எண்ணத்தைத் தரும். பாடநூல் தந்த சொல்லே இருக்கட்டும்.

ஆகவே, ‘சாட்டைவால் பல்லி கன்னி இனப்பெருக்கம் செய்கிறது’, ‘மரவள்ளி பாலிலா முறையில் குச்சி மூலம் பெருகுகிறது’ என்று எழுதுங்கள். ஓர் இனம் முழுவதும் பெண்ணாக இருந்தால் ‘ஒருபால் இனம்’ என்ற சொல் இருக்கிறது. கொமோடோவுக்கு அது பொருந்தாது, புழுப்பாம்புக்குப் பொருந்தும்.