ட்ரைலஜிக்குத் தமிழ் என்ன? முத்தொடர் என்பேன்

காரைக்குடிப் பக்கம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், அதில் இரண்டு பேராவது 'ட்ரையாலஜி' என்றுதான் சொல்வார்கள். பயாலஜி, ஜியாலஜி என்று படித்துப் பழகிய நாக்கு நடுவில் ஒரு 'யா'வைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த 'யா' வேண்டாம். ஆங்கிலத்தில் ட்ரிலஜி, நம் ஊர் வழக்கில் ட்ரைலஜி. ஆனால் நாக்கு ஒன்றும் அடியோடு வழி தவறிவிடவில்லை, ஏனென்றால் பயாலஜியின் வாலும் ட்ரைலஜியின் வாலும் ஒரே கிரேக்க வேரில் முளைத்தவை: லோகோஸ். சொல், பேச்சு, கதை, காரணம் என்று பல பொருள் அதற்கு. 'ட்ரி' என்றால் மூன்று. ஆக, மூன்று கதை. அவ்வளவுதான் வேர்ப்பொருள்.

சொல் பிறந்த இடம் ஏதென்ஸ் நகரத்து நாடகமேடை. டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு எடுத்த திருவிழாவில் நாடகப் போட்டி நடக்கும். போட்டியிடும் கவிஞர் ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், அவை முடிந்ததும் ஒரு கேலி நாடகமும் கொடுக்க வேண்டும். அந்த மூன்றுக்குத்தான் ட்ரைலஜி என்று பெயர். இன்றைக்கு முழுதாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று, கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய ஒரெஸ்டெயா. முதல் நாடகத்தில் போரிலிருந்து திரும்பிய அரசனை மனைவி கொல்கிறாள், இரண்டாவதில் மகன் தாயைக் கொன்று பழி தீர்க்கிறான், மூன்றாவதில் அந்த மகன்மேல் வழக்கு நடக்கிறது. ஒவ்வொன்றும் தனி நாடகமாக நிற்கும், ஆனால் ஒன்றின் முடிவுதான் அடுத்ததன் தொடக்கம். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நல்ல ட்ரைலஜி என்பது என் கட்சி.

வெறும் எண்ணிக்கையைப் பார்த்துப் பெயர் வைப்பது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சோஃபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் குடும்பத்து நாடகங்கள் மூன்றையும் பலர் ட்ரைலஜி என்கிறார்கள். அவர் அவற்றை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு போட்டிகளுக்குத் தனித்தனியாக எழுதினார். பிற்காலத்தார்தான் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள்.

சரி, நம் படத்துக்கு வருவோம். பீட்டர் ஜாக்சன் இயக்கிய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள் மூன்றும் 2001, 2002, 2003 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தன. மூன்றாவது, பதினொரு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு பதினொன்றையும் வாரிக்கொண்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இதையெல்லாம் பார்த்தது பெரும்பாலும் விசிடியில். ஒரு தட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான் கொள்ளும் என்பதால் ஒரு படத்துக்கே மூன்று தட்டு வரும். என் சித்தப்பா மகன் ரொம்ப நாள் அந்த மூன்று தட்டுக்குத்தான் ட்ரைலஜி என்று பெயர் என நம்பிக்கொண்டிருந்தான். பாலத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் விழும் நேரமாகப் பார்த்துக் கரண்ட் போகும். அதற்குப் பிறகு வீட்டின் நடு முற்றத்து வளவில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தைத் தின்றுகொண்டே, அவர் செத்தாரா இல்லையா என்று ஒரு மணி நேரம் சண்டை. எங்கள் அப்பத்தா மட்டும் அடுப்படிக்கும் முகப்புக்கும் போய்வரும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமாடா அந்தப் பயலுக நடக்குறாக?" என்று கேட்பார். கதையை அதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பத்தா கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் முதல் படத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள், இரண்டாவதில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், மூன்றாவதில்தான் போய்ச் சேருகிறார்கள். இரண்டாவது படம் முந்தைய கதைச் சுருக்கம் எதுவும் சொல்லாமல், பனிமலைக்கு உள்ளேயிருந்து காண்டால்ஃப் குரல் கேட்க, விட்ட இடத்திலேயே தொடங்கும். முடியும்போதும் முடியாது, வழிகாட்டியாக வரும் கோலம் என்ற பிராணி மனதுக்குள் ஏதோ சூழ்ச்சி செய்துகொண்டே அவர்களை இருட்டுக்குள் கூட்டிப்போவதோடு திரை அணையும். இவை மூன்று கதைகளா, மூன்றாக வெட்டிய ஒரே கதையா?

எழுதியவரைக் கேட்டால் ஒரே கதை என்பார். டோல்கீன் அதை ட்ரைலஜி என்று ஒப்பவே இல்லை. அவர் எழுதியது ஆறு பகுதிகளும் பின்னிணைப்புகளும் கொண்ட ஒரே நாவல். போருக்குப் பிறகு காகிதம் விலை ஏறிக் கிடந்த சமயம், அவ்வளவு பெரிய புத்தகத்தை ஒன்றாக அச்சடித்துக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்று பதிப்பகம் 1954லும் 1955லுமாக மூன்று தொகுதிகளாகப் பிரித்து வெளியிட்டது. நம் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று எத்தனை நீண்டாலும் ஒரு வாசலில் நுழைந்தால் பின்வாசல் வரை பார்வை போகிற மாதிரிதான் இதுவும், வீடு ஒன்றுதான். வெட்டிய இடங்கள் எவ்வளவு தற்செயலானவை என்பதற்குப் படத்திலேயே சாட்சி இருக்கிறது. கூடவே பயணம் வந்த வீரன் போரோமிரின் சாவு புத்தகத்தில் இரண்டாம் தொகுதியின் தொடக்கம், படத்திலோ முதல் பாகத்தின் முடிவு. ஷீலாப் என்ற அந்த ராட்சசச் சிலந்தி புத்தகத்தில் இரண்டாம் தொகுதியின் கடைசியில் வரும், படத்தில் அதை மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஏறி இறங்க ஒரு மேடு வேண்டும் என்று ஜாக்சன் கணக்குப் போட்டு நகர்த்தியிருக்கிறார். அதனால் என் தீர்ப்பு இதுதான்: புத்தகம் மூன்று தொகுதியாக வந்த ஒரு நாவல், படங்கள்தான் உண்மையான ட்ரைலஜி. மூன்றாவது படம் முடிவதற்கு நாலைந்து முடிவு வைத்திருக்கிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள் இதை யோசிக்கலாம், அங்கே முடிவது மூன்று படம்.

இப்போது தமிழ்ச் சொல். ஒரே ஆக்கத்தின் கூறுகளைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பாகம் இருக்கிறது, காண்டம் இருக்கிறது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது, கம்பராமாயணத்தில் ஆறு காண்டம் என்றால் ஆறு காப்பியம் என்று இங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். சிலப்பதிகாரமும் புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம் கொண்ட ஒரு காப்பியம். ட்ரைலஜிக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் சோழர் அவைப் புலவர் ஒட்டக்கூத்தரிடம்தான் போக வேண்டும். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறைக்கும் ஆளுக்கொரு உலா பாடினார். மூன்றும் தனி நூல், சேர்த்துச் சொன்னால் மூவருலா. கதைத் தொடர்ச்சிதான் கிடையாது, ராஜா வீதியில் வருவார், பெண்கள் மயங்குவார்கள், அவ்வளவே.

புழக்கத்தில் காதில் விழுகிறவை முத்தொகுப்பு, முத்தொகுதி, முப்படம். முப்படம் சுருக்கமாக அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முப்பரிமாணப் படம் என்று ஏற்கெனவே ஒன்று இருப்பதால் கேட்கிறவர் கண்ணாடியைத் தேடுவார். நாவலுக்கும் நாடகத்துக்கும் அது பொருந்தாது. முத்தொகுதி என்றால் தேர்தல் நேரத்தில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

வேடிக்கை போகட்டும், தொகுதி, தொகுப்பு இரண்டையும் நான் தள்ளுவதற்குக் காரணம் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல். அது செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நாலாகப் பிரிக்கிறது. தனித்தனியே நிற்கிற பாட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் தொகைநிலை, குறுந்தொகை மாதிரி. பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போனால் தொடர்நிலை. காப்பியங்கள் பொருள் தொடர்நிலைக்குள் வரும், அந்தாதி சொல் தொடர்நிலை. அதாவது சேர்த்து வைத்ததற்கும் தொடர்ந்து போவதற்கும் தமிழ் எப்போதோ தனித்தனிப் பெயர் வைத்துவிட்டது. ஃப்ரோடோ நடப்பது தொகை இல்லை, தொடர். மூன்று என்பது முத்தமிழ், முக்கனி, முப்பால் என்று வல்லினத்துக்கு முன் குறுகி இரட்டிப்பதுபோல இங்கேயும் முத்தொடர் ஆகும். (முத்தகத்தில் இருக்கிற 'மு'வைப் பார்த்து மூன்று என்று நினைத்துவிட வேண்டாம், அது முக்தகம் என்ற வடசொல், தனித்து நிற்கும் பாட்டு என்று பொருள்.)

'முத்துத் தொடர் மாதிரி இருக்கே, நகைக்கடை விளம்பரமா?' என்று அதே சித்தப்பா மகன் கேட்டான். முத்தொள்ளாயிரத்தை யாரும் முத்து என்று படிப்பதில்லை, மூவேந்தருக்கும் உரிய தொள்ளாயிரம் என்றுதான் படிக்கிறோம். பழகினால் இதுவும் பழகிவிடும். டிவி சீரியலைத் தொடர் என்கிறோமே என்றால், அதுவும் இதே பொருளில்தான் அந்தப் பெயரை வாங்கியது, முத்தொடர் என்று எண்ணோடு வரும்போது குழப்பம் வராது. கேலி நாடகத்தையும் சேர்த்து நான்காகச் சொல்ல வேண்டுமா, நாற்றொடர். கதைக்கு முந்தைய கதை வந்தால் முன்கதை.

முன்கதை என்றதும் டோல்கீனின் ஹாபிட் ஞாபகம் வந்திருக்கும். 1937இல் வந்த, சிறுவர்களுக்கான ஒரே ஒரு சின்னப் புத்தகம். அதை 2012, 2013, 2014 என்று மூன்று படமாக இழுத்தார்கள். அதுவும் முத்தொடரா என்று கேட்டால், இலக்கணப்படி தடுக்க முடியாது, கதை தொடரத்தான் செய்கிறது. நான் மட்டும் அதை 'அந்த மூன்று படம்' என்று சொல்லிக்கொள்கிறேன்.