டிஷ் நெளிந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள்

போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். "மழை இருட்டினாலே படம் நிக்குது தம்பி" என்றார் அம்மா. டிஷ்ஷுக்கு நேர் மேலே பனை. பனங்காய் விழுந்த நெளிவை ஐயா தட்டி எடுத்து, மினுங்கும் பெயின்ற்றும் அடித்திருந்தார். பார்க்கப் புதிது மாதிரித்தான் இருந்தது. விளிம்பில் இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டிய நூல்கள் சுண்டுவிரல் தடிப்புக்கு விலகி நின்றன. டிஷ் முறுகித்தான் இருந்தது.

நம் வீட்டு டிஷ்களுக்குச் செய்மதியிலிருந்து வரும் அலையின் மீடிறன், அதாவது நொடிக்கு அதிரும் தடவை, ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ். அதன் நீளம் 2.5 சென்ரிமீற்றர்தான். மேற்பரப்பு சராசரியாக 1 மில்லிமீற்றர் பிசகினால் குவியும் சக்தியில் ஐந்திலொன்று போய்விடும். 2 மில்லிமீற்றர் என்றால் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். வானம் வெளித்திருக்கும்போது அந்த மிச்சம் போதும். மழை வந்தால் அதையும் தின்றுவிடும். அதே 2 மில்லிமீற்றர் பிசகு 4 கிகாஹேர்ட்ஸ் பெரிய டிஷ்ஷில் பத்திலொரு பங்கைத்தான் எடுக்கும், அங்கே அலை 7.5 சென்ரிமீற்றர் நீளம்.

ஒரு பரப்பு கண்ணாடியா, ஓட்டையா என்பதை அலையின் நீளமே தீர்மானிக்கிறது. வலை டிஷ்ஷுக்குள்ளால் காற்றும் வெளிச்சமும் போகும், செய்மதி அலை போகாது. 1977இல் ஏவிய வொயேஜர் விண்கலங்களின் 3.7 மீற்றர் அன்ரனாவைப் பாருங்கள். பெரிய தட்டுக்கு முன்னால் நிற்கும் அதன் சின்னத் தெறிபரப்பில் சிலுவை வடிவ உலோகத் துண்டுகளை வரிசையாகப் பதித்தார்கள். 8.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அது கண்ணாடி, 2.3 கிகாஹேர்ட்ஸ் அலைக்குத் திறந்த கதவு. ஒரே டிஷ்ஷில் இரண்டு மீடிறன்! எனக்கு இன்றைக்கும் இது வியப்புத்தான். அந்தத் துண்டுகளின் அளவு பிசகினால் எந்த அலைக்குக் கண்ணாடி என்பதும் மாறிவிடும்.

சரி, பெயின்ற்றுக்கு வருவோம். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். மினுங்கும் பரப்பு அந்த வெயிலையும் எல்என்பி மேல், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் பெட்டி மேல், குவித்து அதன் மூடியை உருக்கக்கூடும். அடிப்பதென்றால் மங்கலான பெயின்ற்றை மெல்லிசாக அடியுங்கள்.

அந்த வீட்டில் எல்என்பியைக் கழற்றிப் புதுத் தட்டில் பூட்டி, பனையை விட்டுத் தள்ளி முற்றத்துப் பக்கம் நட்டோம். பூட்ட முதல் ஐயாவே நூல் பிடித்துப் பார்த்தார். தொட்டது.