வேறு மாநில நம்பர் பிளேட், பள்ளி முகவரி: அமெரிக்காவில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு

செப்டம்பரில் நியூ ஜெர்சிப் பள்ளி ஒன்றின் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் கார் வரிசையைப் பார்த்தால், பென்சில்வேனியா, நியூ யார்க், டெக்சாஸ் பிளேட் போட்ட வண்டிகள் இடையிடையே நிற்கும். வாஷிங்டன் டி.சி.யில் பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் பிளேட்டைப் பார்த்தாலே பெற்றோர் நடுவே பேச்சு கிளம்பிவிடும். அந்த வண்டிகளில் வருபவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் உண்மையாகவே இடம் மாறி வந்து, பிளேட்டை மட்டும் இன்னும் மாற்றாதவர்கள். இன்னொரு சாரார் வேறு ஊரில் குடியிருந்துகொண்டு, நண்பர் முகவரியைக் காட்டிப் பிள்ளையைச் சேர்த்தவர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் மாநிலம் மாறும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் வகை. ஆனாலும் சந்தேகம் அவர்கள் மேலும் விழுகிறது. இரண்டாவது வகையில் சிக்கியவர்களில் பலர், தாங்கள் செய்வது சட்டப்படி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாமலேயே செய்கிறார்கள்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் செலவில் பெரும் பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியில் இந்தச் சார்பு இன்னும் அதிகம். ஆகவே வேறு ஊர்ப் பிள்ளை வந்து உட்கார்ந்தால், அதன் செலவு தங்கள் தலையில் விழுவதாகவே உள்ளூர்க்காரர்கள் பார்க்கிறார்கள். குடிவரவு நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் அடுத்த ஆண்டு, 1983-ல், உண்மையான குடியிருப்பைப் பள்ளி கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டது. விசா எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, வீடு அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது.

பள்ளி நிர்வாகம் தேடுவது குடும்பம் நிரந்தரமாக வாழும் வீட்டை. சொந்தமாக வாங்கிப் போட்ட வீடு, வாடகைக்கு விட்ட ஃபிளாட், கடை, அலுவலகம் எதுவும் கணக்கில் வராது. “அந்த ஊரில் எனக்கு வீடு இருக்கிறது, வரி கட்டுகிறேன்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அங்கே வாடகைக்காரர் குடியிருந்தால் அந்த உரிமை வாடகைக்காரர் பிள்ளைக்குத்தான்.

இதில் பிளேட்டுக்கு என்ன மதிப்பு? தன்னளவில் மிகக் குறைவு. வாடகைக் கார்களில் வேறு மாநில பிளேட் இருப்பது சகஜம். கம்பெனி கொடுத்த வண்டி, ராணுவத்தில் இருப்பவரின் வண்டி, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து பேரனைக் கொண்டுவிடும் தாத்தாவின் வண்டி, கார்பூலில் வேறொருவர் வண்டி, பிரிந்து வாழும் தந்தையின் வண்டி என்று நியாயமான காரணங்கள் ஏராளம். டி.சி.யில் வண்டிப் பதிவு ஓர் ஆதாரமாக ஏற்கப்படும், ஆனால் அது இல்லாததால் மட்டும் சேர்க்கை மறுக்கப்படாது. சமீபத்திய சம்பளச் சீட்டில் டி.சி. வரி பிடித்திருந்தால் அந்த ஒரு தாளே போதும். அது இல்லாவிட்டால் டி.சி. டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வாடகை கட்டிய ரசீதுடன் லீஸ் (வாடகை ஒப்பந்தம்), பணம் கட்டிய ரசீதுடன் மின்சார பில் போன்றவற்றில் இரண்டு வேண்டும். பலர் சறுக்குவது இந்த ரசீதில்தான். லீஸ் இருக்கும், வாடகை கட்டியதற்கான தாள் கையில் இருக்காது.

2018-ல் டி.சி.யின் பெயர்பெற்ற டியூக் எல்லிங்டன் கலைப் பள்ளியில் 164 மாணவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று கல்வித்துறை விசாரணை சொன்னது. மறு ஆய்வில் அவர்களில் பல குடும்பங்கள் டி.சி. வாசிகள்தான் என்று தெரியவந்தது. மேலோட்டமான அறிகுறிகளை வைத்து முடிவுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். பிளேட்டைப் பார்த்ததும் புகார் கொடுக்கத் துடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் பிளேட் விசாரணையைத் தொடங்கி வைக்கும். புகார் வந்ததும் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) முதலில் பார்ப்பது தன் கோப்பைத்தான்: அனுப்பிய கடிதம் திரும்பி வந்ததா, லீஸ் காலாவதியானதா, ஒரே முகவரியில் இரண்டு மூன்று குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று. அடுத்து வீட்டுக்கே ஆள் வரும். பல மாவட்டங்கள் இதற்கென்றே விசாரணையாளர்களை வைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள். விடியற்காலையில் வீட்டு முன் காரில் காத்திருந்து, பிள்ளை எந்தக் கதவிலிருந்து வெளியே வருகிறது என்று பல நாள் குறித்துக்கொள்வார்கள். சில சமயம் பள்ளி விட்டதும் வண்டியைப் பின்தொடர்வார்கள். பிள்ளையின் துணிமணி, படுக்கை, புத்தகம் இருக்கும் அறையைக் காட்டச் சொல்வார்கள். வீட்டுக்குள் விட நீங்கள் மறுக்கலாம். அப்படி மறுத்தால் வேறு ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும்.

நம்மவர் பெயர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மோசடி எதுவும் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் சந்தேகத்துக்கு ஆளாகும் இடம் இது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் லைசென்ஸில் முன்பெயராக ‘எஃப்.என்.யு.’ (முன்பெயர் தெரியவில்லை) என்று விழும். லீஸில் அப்பா பெயர் பின்னால், மின்சார பில்லில் முன்னால். பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் சொந்தப் பெயர், அம்மாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. சேர்க்க வருவது அம்மா, லீஸும் பில்லும் அப்பா பேரில். பதிவு மேசையில் இருப்பவருக்கு இது மூன்று வெவ்வேறு குடும்பங்களாகத் தெரியும். லீஸ் போடும்போதே கணவன், மனைவி இருவர் பெயரையும் கையெழுத்துக்காரர்களாகவும், பிள்ளைகள் பெயரை உடன் வசிப்பவர்களாகவும் எழுத வையுங்கள். எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இன்டர்நெட் இணைப்பை ஒருவர் பேரிலும் மின்சாரத்தை மற்றவர் பேரிலும் எடுங்கள். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் கையோடு போகட்டும். அபார்ட்மென்ட் எண் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் எண் விட்டுப்போனாலே தபால் திரும்பும், திரும்பிய தபாலே விசாரணைக்குக் காரணமாகும்.

முகவரியில் இன்னொரு குழி உண்டு. தபால் ஊர்ப் பெயரும் பள்ளி மாவட்டமும் ஒன்றல்ல. ‘பிரின்ஸ்டன்’ என்று தபால் முகவரி உள்ள பல வீடுகள் வெஸ்ட் விண்ட்சர், சவுத் பிரன்ஸ்விக், லாரன்ஸ் போன்ற பக்கத்து டவுன்ஷிப்களில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போக முடியாது. லீஸில் கையெழுத்திடும் முன் வீட்டு எண்ணோடு பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். வீட்டு விற்பனைத் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, நண்பர் முகவரி. “அண்ணா, உங்க வீட்டு அட்ரஸ் மட்டும் குடுங்க, லெட்டர் வந்தா சொல்லுங்க போதும்” என்று கேட்பதும், மறுக்க மனமில்லாமல் கொடுப்பதும் நம் வட்டத்தில் நடக்கிறது. நியூ ஜெர்சிச் சட்டத்தில் மாட்டுவது கேட்டவர் மட்டுமல்ல. தான் செலவு செய்து வளர்க்காத பிள்ளைக்கு மோசடியாகத் தன் வீட்டு முகவரியைப் பயன்படுத்தக் கொடுத்தவரும் குற்றவாளியே. சித்தப்பா வீட்டில் பிள்ளையை விட்டுப் படிக்க வைக்க வழி இல்லாமல் இல்லை. அதற்குச் சித்தப்பா எந்தப் பணமும் வாங்காமல் பிள்ளையைத் தன் செலவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பெற்றோரால் குடும்ப அல்லது பொருளாதாரக் கஷ்டத்தால் முடியவில்லை என்பது நிரூபணமாக வேண்டும். அந்த ஊர்ப் பள்ளியில் இலவசமாகப் படிப்பது மட்டுமே நோக்கமாக இருக்கக் கூடாது. இருவரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது.

பிடிபட்டால் என்ன செலவு? நியூ ஜெர்சியில் ஒரு மாணவருக்கான ஆண்டுச் செலவை 180-ஆல் வகுத்து, தகுதியில்லாமல் படித்த ஒவ்வொரு நாளுக்கும் கேட்கலாம். ஆண்டுச் செலவு 18,000 டாலர் என்று வைத்தால் நாளுக்கு 100 டாலர். ஒன்றரை ஆண்டு படித்திருந்தால் 27,000. இரண்டு பிள்ளைகள் என்றால் அதைப்போல் இரு மடங்கு. இல்லினாயில் ஒரு மாணவருக்கான செலவில் 110 சதவீதம் வரை கேட்கலாம், தெரிந்தே சேர்த்தால் குற்றமும் ஆகும். வர்ஜீனியாவில் பொய் முகவரி சிறு குற்றம், கட்டணமும் உண்டு. டெக்சாஸில் பொய்த் தகவலுக்கான தண்டனை சேர்க்கைப் படிவத்திலேயே அச்சாகியிருக்கும், யாரும் படிப்பதில்லை. டி.சி.யில் 2,000 டாலர் வரை அபராதம் அல்லது 90 நாள் வரை சிறை. அதோடு அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் வழக்குப் போட்டு, கட்டாத கட்டணத்தில் மூன்று மடங்கு வரை கேட்கலாம். 2011-ல் ஓஹாயோவின் அக்ரனில் தன் தந்தை முகவரியைக் காட்டி மகள்களைப் பக்கத்து ஊரில் படிக்க வைத்த தாய் சிறைக்கே போனார். அப்போதைய ஆளுநர் ஜான் கேசிக் தலையிட்டு அவர் மீதான பெருங்குற்றத் தீர்ப்பைச் சிறு குற்றமாகக் குறைத்தார். பெரும்பாலான வழக்குகள் சிறை வரை போவதில்லை. ஆனால் ஹெச்-1பி (வேலை விசா), ஹெச்-4 (அவர் குடும்பத்துக்கான விசா) ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு. கிரீன் கார்டு படிவத்தில் கைது, வழக்கு பற்றிய கேள்வி இருக்கிறது. தள்ளுபடியான வழக்கையும் அங்கே எழுதியாக வேண்டும். பொய் வாக்குமூலம் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது.

இனி பிளேட்டை மாற்றுவது. சிலர் இன்சூரன்ஸ் குறைவு என்று பழைய மாநில பிளேட்டை வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பள்ளியில் ‘இங்கேதான் குடியிருக்கிறோம்’ என்று கையெழுத்து, இன்சூரன்ஸில் ‘வண்டி பென்சில்வேனியாவில் நிற்கிறது’ என்று கையெழுத்து. இரண்டில் ஒன்று பொய். விபத்து நடந்து பெரிய க்ளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி, வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்று தோண்டும். பள்ளிப் பதிவே அதற்குச் சாட்சியாகிவிடும், க்ளெய்ம் கையைவிட்டுப் போகலாம்.

குடியேறிய பின் பதிவையும் லைசென்ஸையும் மாற்றுவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் வண்டிக்கும் லைசென்ஸுக்கும் 60 நாள். பென்சில்வேனியாவில் வண்டிக்கு 20, லைசென்ஸுக்கு 60. டெக்சாஸில் 30, 90. வர்ஜீனியாவில் 30, 60. கலிஃபோர்னியாவில் வண்டிக்கு 20, லைசென்ஸுக்கு 10. ஃப்ளோரிடா ஒருபடி மேலே போய், பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்தே எண்ணுகிறது: வண்டிப் பதிவுக்கு 10 நாள், லைசென்ஸுக்கு 30. புறப்படும் முன் அந்தந்த மாநில டி.எம்.வி. (வண்டிப் பதிவுத் துறை) தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

வரிசை முக்கியம். முதலில் லீஸ், அடுத்து மின்சாரமும் வங்கி முகவரியும், பிறகு புது மாநில இன்சூரன்ஸ், லைசென்ஸ், கடைசியில் வண்டிப் பதிவு. வண்டிக் கடன் இருந்தால் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கடன் கொடுத்தவரிடம் இருக்கும். அதை வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும், ஆகவே குடியேறிய வாரமே கடன் கம்பெனிக்கு எழுதிவிடுங்கள், அந்தக் கடிதத்தின் நகலைப் பள்ளிக் கோப்போடு வையுங்கள். “பிளேட் ஏன் மாறவில்லை” என்று கேட்டால் அதுதான் நல்ல பதில். இன்னொன்று, பழைய மாநில இன்சூரன்ஸை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். நியூ யார்க், ஃப்ளோரிடா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகே ரத்து செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் அபராதமோ, பதிவு, லைசென்ஸ் நிறுத்தமோ வரும்.

பள்ளி எதை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. நியூ ஜெர்சியில் வருமான வரித் தாள், சோஷியல் செக்யூரிட்டி எண், விசாத் தாள் (எஃப்-1 மாணவர் விசா தவிர) ஆகியவற்றைக் கொடுத்தால்தான் சேர்க்கை என்று சொல்லக் கூடாது. ஒரு குறிப்பிட்ட தாள் இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேலை போய் வீட்டை இழந்து நண்பர் வீட்டிலோ மோட்டலிலோ தங்கும் குடும்பம் என்றால் நிலைமையே வேறு. 1987-ம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி தாள்கள் இல்லாமலே பிள்ளையை உடனே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென ஓர் அதிகாரி இருக்கிறார். வெட்கப்பட்டு மறைத்துப் பொய் லீஸ் தயாரிப்பதைவிட அவரிடம் நேரே சொல்வது நூறு மடங்கு நல்லது, பிள்ளையின் உரிமையும் அதுதான்.

மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிளேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பின்னணி தெரியாமல் போடும் அந்தப் படம் ஒரு குழந்தையை வகுப்பு முழுக்கத் திருடனாக்கிவிடும். சந்தேகம் உறுதியாக இருந்தால் மாவட்டத்தின் புகார் எண்ணில் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

‘உங்கள் பிள்ளைக்குத் தகுதியில்லை’ என்று கடிதம் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் முதல் நோட்டீஸுக்குப் பின் கல்வி வாரியத்தின் முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. அங்கே தோற்றால் இறுதி நோட்டீஸ் தேதியிலிருந்து 21 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் முறையிடலாம். அந்த 21 நாளும், முறையீடு நிலுவையில் இருக்கும் வரையும் பிள்ளை அதே பள்ளியில் படிக்கலாம். அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருக்கிறீர்கள் என்றால் வாடகை ரசீது, மாதவாரி மின்சார உபயோகம், டாக்டர் பில், பார்சல் ரசீது, பக்கத்து வீட்டார் கையெழுத்து எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, தயங்காமல் முறையிடுங்கள். குடியிருக்கவில்லை என்றால் நாள் கடத்துவதற்காக முறையீடு செய்யாதீர்கள். தோற்றாலும், பாதியில் கைவிட்டாலும், அந்த நாட்களுக்கும் சேர்த்தே கட்டணம் ஏறும். உடனே பிள்ளையை உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றுங்கள். பாக்கியைத் தவணையில் கட்ட மாவட்டத்தோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.