மெய்யுரு: ‘லைவ் ஆக்‌ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘லைவ் ஆக்‌ஷன்’ என்று எழுத நேரும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கும். கேமராவின் முன் மனிதர்கள் நடித்து உருவாகும் படத்துக்கும் தொடருக்கும் அந்தப் பெயர். வரைந்தோ கணினியில் உருவாக்கியோ அசைய வைத்த படத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்ட இச்சொல் உதவுகிறது. தமிழில் பெரும்பாலும் ஆங்கில ஒலியிலேயே எழுதிவிடுகிறோம்; இல்லையென்றால் ‘நேரடிப் படம்’ என்கிறோம். இரண்டாவது வழி முதலாவதைவிடக் குழப்பமானது. ‘நேரடித் தமிழ்ப் படம்’ என்றால் வேறு மொழியிலிருந்து குரல் மாற்றப்படாத படம். ‘நேரடி ஒளிபரப்பு’ என்றால் நிகழும்போதே காட்டப்படுவது. திரையரங்குக்குப் போகாமல் இணையத்தில் வருவதும் ‘நேரடி வெளியீடு’தான். ஏற்கெனவே மூன்று சுமையைத் தாங்கும் சொல்லின் தலையில் நான்காவதையும் ஏற்றக் கூடாது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். திரைப்படம் தோன்றிய காலத்தில் இப்படி ஒரு பெயர் தேவைப்படவில்லை. படம் என்றால் படம், அவ்வளவுதான். வரைபடங்கள் திரையில் அசையத் தொடங்கிய பின்னரே மற்றதற்கு அடைமொழி தேவைப்பட்டது. கைப்பேசி வந்த பிறகு பழைய தொலைபேசி ‘தரைவழித் தொலைபேசி’ ஆனதையும், வண்ணம் வந்த பிறகு பழைய படங்கள் ‘கறுப்பு வெள்ளைப் படங்கள்’ ஆனதையும் போன்றதுதான் இதுவும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ‘அனிமேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘அனிமா’: மூச்சு, உயிர். ‘அனிமாரே’ என்றால் உயிர் கொடுத்தல். ஆக, வரைந்த படமே உயிர் பெற்ற படம்; அதற்கு எதிரே நிற்கும் ‘லைவ்’ என்ற சொல்லும் உயிருள்ளது என்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே உயிருக்குச் சொந்தம் கொண்டாடுகின்றன. தமிழில் வழங்கும் ‘அசைவூட்டம்’, ‘இயங்குபடம்’ ஆகிய இரண்டும் உயிரை விட்டுவிட்டு அசைவைப் பிடித்துக்கொண்டன. நல்ல சொற்கள்தான். எனக்கு ‘அசைவூட்டம்’ கூடுதலாகப் பிடிக்கும். அசையாத ஒன்றை யாரோ ஒருவர் கைப்பட அசைய வைத்தார் என்ற செய்தி அதன் ‘ஊட்டம்’ என்ற பகுதியில் இருக்கிறது.

அசைவூட்டத் தொடர்களைக் கொண்டாடும் ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய சொல் ‘ஜிஷ்ஷா’. முதற்பகுதிக்கு உண்மை, உள்ளது என்று பொருள்; ‘ஷா’ என்றால் படியெடுத்தல். புகைப்படத்தைக் குறிக்கும் ‘ஷாஷின்’ என்ற சொல்லிலும் அதே ‘ஷா’தான் இருக்கிறது. உயிரைப் பற்றிப் பேசாமல், உள்ளதைப் படியெடுப்பது என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் எது என்று தேடியபோது ‘மெய்’ என்பதில் வந்து நின்றேன். மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. இலக்கணத்தில் உயிரோடு சேர்ந்து ஒலிக்கும் எழுத்துக்கும் அதே பெயர். அசைவூட்டம் உயிர் என்றால், மனிதர் நடிப்பது அதற்கு மெய் கொடுப்பது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதுபோல, நல்ல தழுவல் ஒன்றில் வரைந்த பாத்திரத்தின் உயிர் ஒரு மனிதரின் உடலில் ஏறி நிற்கும். ஆகவே நான் பரிந்துரைக்கும் சொல் ‘மெய்யுரு’: மெய்யுருத் தொடர், மெய்யுருப் படம். அசைவூட்டத்தை அப்படி மாற்றுவது மெய்யுருவாக்கம்.

‘வர்ச்சுவல்’ என்பதற்கு ‘மெய்நிகர்’ என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால் இதற்கு ஒரு துணையும் கிடைக்கிறது. 2019இல் வெளியான ‘தி லயன் கிங்’ படத்தை லைவ் ஆக்‌ஷன் மறுஆக்கம் என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் அதில் கேமராவால் எடுக்கப்பட்டது ஒரே ஒரு காட்சித் துணுக்குதான். மற்ற அனைத்தும் கணினியில் உருவானவை. கோல்டன் குளோப் விருதுக்கு அது அசைவூட்டப் படப் பிரிவில்தான் பரிந்துரைக்கப்பட்டது. ஆங்கிலச் சொல் தடுமாறிய இந்த இடத்தில் தமிழுக்குத் தடுமாற்றம் வேண்டாம். அது மெய்நிகர்ப் படம்; மெய்யுருப் படம் ஆகாது.

மெய்யுருவாக்கம் என்ற அறிவிப்பு வந்தவுடன் ரசிகர்களிடம் இரண்டு கவலைகள் எழும். யார் நடிக்கப்போகிறார்கள்? கதையை என்ன செய்யப்போகிறார்கள்? முதலாவது உடலைப் பற்றியது. இரண்டாவது உண்மையைப் பற்றியது. இரண்டும் ‘மெய்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதால்தான் இச்சொல்லை நான் விட மறுக்கிறேன்.

முதல் கவலைக்குரிய ஆங்கிலச் சொல் ‘காஸ்டிங்’. பழைய நார்ஸ் மொழியில் எறிதலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். தமிழில் ‘பாத்திரத் தேர்வு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஒரு நடிகர் தமக்கேற்ற வேடத்தைத் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கவே வழங்குகிறது. வேடத்துக்கு ஏற்ற ஆளைத் தேடுவது ‘நடிகர் தேர்வு’. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடப்பவை, கலக்கக் கூடாது.

நடிகர் தேர்வு எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கும் என்பதற்கு ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ சான்று. நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்த அசைவூட்டத் தொடர் அது. அதன் உலகம் ஆசிய நாகரிகங்களையும் இனுயிட் போன்ற தொல்குடிகளின் வாழ்வையும் பார்த்து வரையப்பட்டது. 2010இல் ஷியாமளன் இயக்கிய படத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்ட நான்கு முதன்மை நடிகர்களும் வெள்ளையர்கள். பிறகு ஸூக்கோ என்ற எதிரணி இளவரசனின் வேடம் மட்டும் தேவ் படேலுக்குப் போனது. விளைவு இன்னும் மோசம்: நாயகர்கள் வெள்ளையர்கள், அவர்களை விரட்டும் தீ நாட்டினர் பழுப்பு நிறத்தவர்கள். கோபமுற்ற ரசிகர்கள், தொடரில் நீரையும் நெருப்பையும் வளைக்கும் கலைக்குரிய ‘பெண்டிங்’ என்ற சொல்லை எடுத்து ‘ரேஸ்பெண்டிங்’ என்று புதுச்சொல் படைத்தார்கள். தமிழில் ‘இன வளைப்பு’ எனலாம். வேற்று இனப் பாத்திரத்துக்கு வெள்ளையரை அமர்த்துவதைச் சொல்லும் ‘ஒயிட்வாஷிங்’ நமக்கு ‘வெள்ளையடிப்பு’. சுண்ணாம்பு பூசி அடியிலிருப்பதை மறைக்கும் செயல்தான் இரண்டு மொழியிலும் உவமை என்பதால் இது அப்படியே பொருந்துகிறது.

அந்தப் படம் மெய்யை வேறு விதத்திலும் தவறவிட்டது. நாயகர்களில் ஒருவனுக்குத் தொடரில் ‘சாக்கா’ என்று ஒலித்த பெயர் படத்தில் ‘சோக்கா’ ஆனது. ஸூக்கோவின் பெரியப்பா ‘ஐரோ’ ‘ஈரோ’ ஆனார். ஆசிய உச்சரிப்புக்கு நெருங்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் முகங்களை மாற்றிவிட்டுப் பெயர்களை மட்டும் ஆசியமாக்கினால் யார் ஏற்பார்கள்? அசைவூட்டத்தில் ஒவ்வொரு கலைக்கும் உண்மையான சீனத் தற்காப்புக் கலை ஒன்று அடிப்படை: நீருக்குத் தாய் சி, நிலத்துக்கு ஹுங் கர், தீக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. கை அசைந்தவுடன் பாறை பறக்கும். படத்திலோ பலர் சேர்ந்து நெடுநேரம் அசைவுகள் செய்ய, ஒரு பாறைத் துண்டு மெல்ல மிதந்து போகும். உடல் சொல்வதை உலகம் உடனே கேட்கும் என்ற தொடரின் அடிப்படை நம்பிக்கையே அங்கே உடைந்தது.

பிறப்பும் தோற்றமும் அச்சு அசலாக ஒத்துப்போனால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் கதையின் படைப்பாளர் எய்ச்சிரோ ஒடா, அதன் நாயகன் லூஃபியை நம் உலகத்து மனிதனாக எண்ணினால் அவன் பிரேசில் நாட்டவனாக இருப்பான் என்று ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். 2023இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் மெய்யுருத் தொடரில் லூஃபியாக நடித்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த இனாக்கி கொடோய். அவனுடைய தோழர்களில் உசோப்புக்கு நீண்ட மூக்கு இல்லை. சாஞ்சிக்குச் சுருண்ட புருவம் இல்லை. ஆனாலும் அந்தக் கூட்டம் அந்தக் கூட்டமாகவே தெரிந்தது. காரணத்தைத் தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’ என்ற சொல் விளக்கும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படுபவை. வரைந்த முகத்தில் உவகை காதுவரை நீளும். அழுகை அருவியாகக் கொட்டும். மனித முகத்தால் அது முடியாது, முயன்றால் கேலியாகிவிடும். கொடோய் அந்த உவகையைத் தம் உடலின் அளவுக்குக் கொண்டுவந்தார். மூக்கின் நீளத்தைவிட மெய்ப்பாட்டின் பொருத்தம் முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது கவலைக்கு வருவோம். மூலத்துக்கு ‘விசுவாசமாக’ இருப்பது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. விசுவாசம் தலைவனுக்குத் தொண்டன் காட்டுவது. அதில் கேள்விக்கு இடமில்லை. தழுவலில் கேள்வி இருந்தாக வேண்டும். நம் இலக்கணத்தில் இதற்கு நுட்பமான மூன்று சொற்கள் காத்திருக்கின்றன: வழாநிலை, வழு, வழுவமைதி. விதியிலிருந்து பிறழாதது வழாநிலை. பிறழ்ந்தது வழு. பிறழ்ந்தாலும் தக்க காரணத்தால் ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனால் அன்பின் மிகுதியால் சொன்னதால் இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது.

2024 பிப்ரவரியில் வெளியான நெட்ஃபிளிக்ஸின் ‘அவதார்’ தொடரில் மூன்றுக்கும் சான்று இருக்கிறது. நடிகர் தேர்வு பெரும்பாலும் வழாநிலை: நீர்க்குடிப் பெண் கட்டாராவாக மொஹாக் தொல்குடியைச் சேர்ந்த கியவெந்தியோ, ஐரோவாகக் கொரியாவில் பிறந்த பால் சன்-ஹியுங் லீ. சாக்காவின் பெண்கள் பற்றிய இளக்காரத்தைக் குறைத்தது என் பார்வையில் வழு. அசைவூட்டத்தில் அவன் கியோஷி வீராங்கனைகளை ஏளனம் செய்து, அவர்களிடம் தோற்று, பிறகு பணிந்து கற்றுக்கொள்கிறான். குறையை எடுத்துவிட்டால் அவன் வளர்வதற்கு என்ன மிச்சம்? ஸூக்கோ விஷயத்தில் நடந்தது நேர் மாறு. போரில் பலியிடப்படவிருந்த 41ஆம் படைப்பிரிவுக்காகப் பேசியதால்தான் அவன் நாடு கடத்தப்படுகிறான். இது மூலத்திலேயே உண்டு. அந்தப் படைப்பிரிவினரே அவனுடைய கப்பலின் மாலுமிகள் என்றது புதிய தொடர். மூலத்தில் இல்லாதது, ஆனால் மூலத்தின் நெஞ்சிலிருந்து எடுத்தது. வழுவமைதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

‘அடாப்டேஷன்’ என்பதற்குத் ‘தழுவல்’ என்ற சொல் நமக்கு நன்றாகவே இருக்கிறது. லத்தீன் வேர் ‘பொருத்துதல்’ என்று மட்டும் சொல்ல, தமிழ்ச்சொல் அணைத்துக்கொள்வதைச் சொல்கிறது. தழுவலின் எல்லையை நன்னூல் வரைந்து வைத்திருக்கிறது: ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது’ வழிநூல். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும்; பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சொல்லலாம்; மரபு அழியக் கூடாது. தொல்காப்பியமோ வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். அவதாரின் முதல் பருவத்து 20 பகுதிகளையும் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் அடக்கியது தொகுத்தல், மூச்சுத் திணறியது. நெட்ஃபிளிக்ஸின் எட்டுப் பகுதிகள் தொகைவிரி. தனித்தனியாக நடந்த பல கதைகளை ஓமாஷு நகருக்குள் தொகுத்தார்கள். அசைவூட்டத்தில் எலும்புக்கூடுகளைப் பார்த்து நாம் உணர்ந்துகொள்ளும், நாயகன் ஆங்கின் இனமான காற்று நாடோடிகளின் அழிவைத் தொடக்கத்திலேயே விரித்துக் காட்டினார்கள். அந்த எலும்புக்கூடுகளின் முன் ஆங் நிற்கும் மௌனம் எனக்கு இன்னும் பெரியது.

‘ஒன் பீஸ்’ மெய்யுருத் தொடர் வழிநூல் ஆகாது. 1997இல் தொடங்கிய காமிக்ஸ்தான் அதற்கு முதல்நூல்; 1999இல் வந்த அசைவூட்டமே வழிநூல். மெய்யுருத் தொடர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் அது சார்புநூல். ‘மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லும் முன் எந்த மூலம் என்று கேட்டுக்கொள்ள இந்தப் பகுப்பு உதவும்.

மெய்யுரு என்ற சொல்லை நான் பற்றிக்கொள்ள இன்னொரு காரணம் வயது. அசைவூட்டத்தில் ஆங்குக்கு 12 வயது. குளிர்காலத்தில் தொடங்கி, இளவேனிலைக் கடந்து, கோடையின் முடிவில் நிறைவடையும் கதை அது. ஓர் ஆண்டுகூட ஆவதில்லை. அதை வரைந்து முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆனாலும் சிறுவனின் உயரம் ஓவியரின் கையில் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடரில் ஆங்காக நடிக்கும் கார்டன் கார்மியர் வளர்ந்துகொண்டிருக்கும் பையன். அடுத்த இரண்டு பருவங்களும் உறுதியானது 2024 மார்ச்சில்தான். அதன் பிறகுதான் எழுதி, எடுத்து, வெளியிட வேண்டியிருந்தது. குரல் உடைகிறது, தோள் அகல்கிறது. எழுத்தாளர்கள் கதையின் காலத்தை அந்த உடலுக்கு ஏற்ப நீட்டியாக வேண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்குள் முடிய வேண்டிய போரை, இந்தப் பையன் எந்த உயரத்தில் வந்து நிற்பான் என்று பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.