மினியேச்சர்: செந்தூரத்தில் பிறந்த சொல்

ஸ்டாக்ஹோமில் உள்ள சுவீடன் தேசிய நூலகத்தில் ‘கோடெக்ஸ் கிகாஸ்’ என்னும் 13ஆம் நூற்றாண்டுத் தோற்சுவடி இருக்கிறது. இன்றைய செக் நாட்டின் பகுதியான பொகீமியாவில் எழுதப்பட்ட அச்சுவடியின் உயரம் ஏறத்தாழ 89 செ.மீ.; அதன் ஒரு பக்கத்தில், பச்சை முகமுடைய சாத்தான் அரை மீட்டர் உயரத்துக்குக் குந்தியிருக்கிறான். கலை வரலாற்றின் வழக்குப்படி இதுவும் ஒரு மினியேச்சர்தான். அச்சொல்லைச் ‘சிற்றோவியம்’ என்று எழுதிப் பழகியவர்களுக்கு இவ்விடத்தில் கை தயங்கும்.

தயக்கத்துக்குக் காரணம், இச்சொல் அளவைக் குறித்துப் பிறந்ததன்று என்பதே. லத்தீனில் ‘மினியம்’ என்பது ஒரு சிவப்பு நிறமி. பண்டை ரோமானியர் சாதிலிங்கம் என்னும் செந்நிறப் பாதரசக் கனிமத்தையும் அப்பெயரால் அழைத்தனர். இடைக்காலத்தில் அது ஈயச் செந்தூரத்தின் பெயராக நிலைத்தது. ஈய வெள்ளையை நெருப்பில் வறுத்தால் கிடைக்கும், ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்புப் பொடி அது. இந்நிறமியால் எழுதுவது ‘மினியாரே’. அதிலிருந்து இத்தாலியத்தில் ‘மினியாத்தூரா’ என்னும் பெயர்ச்சொல் வந்தது. கரிய மையில் ஓடும் எழுத்துக்கு நடுவே தலைப்புகளையும் முதலெழுத்துகளையும் சிவப்பில் தீட்டுவதே தொடக்கத்தில் இத்தொழில். விழா நாள்களையும் அன்றைய நாட்காட்டிகளில் சிவப்பிலேயே எழுதினர். நம் வீட்டு நாட்காட்டியில் விடுமுறை நாள் இன்றும் சிவந்துதான் இருக்கிறது.

இந்தச் செந்தூரத்தை நேரே காண வேண்டுமானால், 700ஆம் ஆண்டையொட்டி வட இங்கிலாந்தில் உருவான லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடியைப் பார்க்கலாம். பெரிய முதலெழுத்துகளைச் சுற்றி, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் செம்புள்ளிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரே பக்கத்தில் அவை பல்லாயிரம். அக்கால ஓவியத்தில் எழுத்தும் படமும் பிரியவில்லை: எழுத்தின் வால் பறவையாகிறது, பறவையின் கழுத்து முடிச்சாகிறது. மனித உருவங்கள் தட்டையானவை; பின்னணிக்கு ஆழமில்லை. இதைத் திறமைக் குறைவு என்று கொள்வது பிழை. காண்பதை வரைவது அவர்கள் நோக்கமன்று. மறைநூலின் சொல்லைப் பெருமைப்படுத்துவதே நோக்கம்.

பின்னர் பொன் தகடு பெருகியது. 13ஆம் நூற்றாண்டுக்குள் இத்தொழில் மடங்களிலிருந்து பாரிஸ் போன்ற நகரங்களின் பட்டறைகளுக்கும் பரவி, எழுதுபவர் ஒருவர், அவர் விட்டுவைத்த வெற்றிடத்தில் படம் தீட்டுபவர் வேறொருவர் என்று பிரிந்தது. ஏறத்தாழ 1325இல் ழான் புசேல், பிரெஞ்சு அரசி ழான் தெவ்ரோவுக்காகத் தீட்டிய செபநூல் 9 செ.மீ. உயரமே உள்ளது, ஆனால் அதன் சாம்பல்நிற உருவங்கள் இத்தாலிய ஓவியத்திலிருந்து கற்ற ஆழமுள்ள அறைகளுக்குள் நிற்கின்றன. 1416க்குள் லிம்பர்க் சகோதரர்கள் பிரான்சின் பெர்ரி கோமகனுக்காகத் தீட்டிய செபநூலின் பிப்ரவரி மாதப் பக்கத்திலோ பனி மூடிய வயல், தேன்கூட்டுப் பெட்டிகள், பட்டியில் ஒண்டும் ஆடுகள், உள்ளே பாவாடையைத் தூக்கிக் குளிர்காயும் பெண் என ஓர் ஊரே தெரிகிறது.

பொருள் திரிந்தது பின்னாளில்தான். ‘சிறிய’ என்று பொருள்படும் ‘மினோர்’, ‘மினிமுஸ்’ ஆகிய லத்தீன் சொற்களின் ஒலி ஒற்றுமையும், சுவடிப் படங்களிற் பல சிறியனவாகவே இருந்ததும் சேர்ந்து, மினியேச்சர் என்றாலே சிறியது என்றாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் உருவப்படங்களுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் குறுக்கமே ‘மினி’. நம் ஊர் மினி பஸ்ஸின் நெற்றியில் ஈயச் செந்தூரம் இருக்கிறது என்றால் யார் நம்புவார்?

தமிழில் ஒரே சொல்லால் இரு பொருளையும் சுமக்க வைப்பது சரியன்று. முகலாய, ராஜபுத்திர ஓவியங்களுக்கும் கையடக்க உருவப்படங்களுக்கும் ‘சிற்றோவியம்’ பொருந்தும். அது வேரூன்றியும் விட்டது. இடைக்கால ஐரோப்பியச் சுவடிப் படங்களுக்கு ‘ஏட்டோவியம்’ அல்லது ‘சுவடி ஓவியம்’ என்பதே தகும்; அரை மீட்டர் சாத்தானும் அதற்குள் அடங்குவான். பெரிய எழுத்தின் வளைவுக்குள் கதைக்காட்சி அமையுமானால் அதை ‘முதலெழுத்து ஓவியம்’ எனலாம். ‘தலையெழுத்து ஓவியம்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. வாசகர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்.