ஜாமீன் கையெழுத்து யாருடையது?

எம்.பி.ஏ. வகுப்பில் தொழில்முனைவுப் பாடம் எடுக்க வருவதற்கு முன் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். அதனாலோ என்னவோ, மாணவர்கள் தொழில் திட்டம் என்று நீட்டும் தாளில் என் கண் முதலில் போவது பணவரவுப் பட்டியலுக்குத்தான். ஜனவரியில் சரக்கு விற்றால் ஜனவரியிலேயே பணம் வந்துவிடும் அங்கே.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்லிக்கொடுப்பதே வென்றவர்களின் கதையைத்தான். பில் கேட்ஸ் ஹார்வர்டைப் பாதியில் விட்டது எல்லா மாணவருக்கும் தெரியும். அவருடைய தந்தை சியாட்டிலில் பெயர்பெற்ற வழக்கறிஞர் என்பதை யாரும் சொல்வதில்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022இல் தண்டனை பெற்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரனாஸின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸும் ஸ்டான்ஃபோர்டைப் பாதியில் விட்டவர்தான். அவர் படம் மட்டும் கல்லூரிச் சுவர்களில் தொங்குவதில்லை.

சென்ற ஆண்டு, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை வகுப்புக்கு அழைத்தேன். பேச்சு எதுவும் தயாரித்து வரவில்லை. ஒரு பில் ஃபைலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பில்லிலும் சரக்குப் போன தேதி அச்சில், பணம் வந்த தேதி பென்சிலில். இடைவெளி 90 நாள், 120 நாள்.

"சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டுமே சார்?" என்றாள் ஒரு மாணவி. சரிதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. அவர் சிரித்தார். "புகார் கொடுத்தால் வட்டியோடு வாங்கிவிடலாம் கண்ணு. அதற்கப்புறம் ஆர்டர் யார் தருவார்கள்?"

அந்த 120 நாளும் ஆட்கூலிக்கு? ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். அதற்கு அடமானம்? மனைவி பெயரில் உள்ள வீட்டுப் பத்திரம். இரவில் பட்டறைக் கணக்கு எழுதுவதும் அந்த அம்மாள்தான், சம்பளம் கிடையாது. நாம் வகுப்பில் நிரப்பச் சொல்லும் எந்தப் படிவத்திலும் அவருக்கு ஒரு கட்டம் இல்லை. நான் மட்டும் யோக்கியனா? வங்கியில் இருந்தபோது "இங்கே, இங்கே" என்று விரலால் காட்டி, படித்துப் பார்க்கக்கூட விடாமல் எத்தனையோ பெண்களிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

இப்போது தொழில் திட்டத்தோடு இன்னொரு தாளும் கேட்கிறேன். கடன் யார் பெயரில், ஜாமீன் யார், சம்பளமில்லாமல் உழைக்கப்போவது யார், தொழில் படுத்தால் எது கைவிட்டுப் போகும். பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் இல்லை. இந்த முறை ஒரு மாணவன் முப்பது பக்கத் திட்டத்தை அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்திருந்தான். கடைசித் தாளில் ஜாமீன் என்ற இடத்தில் மட்டும் பேனாவால் எழுதியிருந்தான்: "அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை."