“மருந்துக்குன்னு கொஞ்சம்…”

கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தம்பி, முப்பத்திரண்டு வயது, இடது விலாவைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்வார், உடனே எழுந்திருப்பார், சுவரில் சாய்வார், மறுபடி குனிவார். சிறுநீர்க் குழாயில் கல் இறங்கும்போது வரும் வலி அப்படித்தான், ஆளை ஓரிடத்தில் இருக்க விடாது. நான்கு நாளாக வலி என்றார். இந்த நான்கு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“தினம் ரெண்டு பீர் சார். அடிச்சா கல்லு கரைஞ்சிடும்னு சொன்னாங்க. யூரின் நல்லாத்தான் போச்சு.”

ஸ்கேனில் 8 மில்லிமீட்டர் கல், குழாயின் பாதி வழியில் மாட்டியிருந்தது. அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. கீழே வழி அடைத்திருக்கும்போது மேலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வீக்கமும் வலியும்தான் கூடும். பீர் எந்தக் கல்லையும் கரைக்காது. அதிலுள்ள பியூரின் என்ற பொருள் யூரிக் அமிலத்தை ஏற்றும், அடுத்த நாள் காலையில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. யூரின் நிறையத்தான் போயிருக்கும். சிறுநீரை அளவோடு பிரிக்கச் சொல்லி மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போகிறது. ஆல்கஹால் அதைத் தடுத்துவிடும். அதனால் நீர் கொட்டும். குடித்தவர், உள்ளே ஏதோ சுத்தமாகிறது என்று நம்பிவிடுவார். இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதை வைத்து 175 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பெரிய வியாபாரம் செய்திருக்கிறார்.

அவர் பெயர் உடோல்ஃபோ வுல்ஃப், நியூயார்க்கில் மது இறக்குமதி செய்தவர். ஹாலந்தின் ஸ்கிடாம் ஊர் ஜின் என்ற மதுவுக்குப் பேர்போனது. 1848 வாக்கில் அந்த ஜின்னை ‘அரோமேட்டிக் ஸ்கிடாம் ஷ்னாப்ஸ்’ என்று பெயர் வைத்து, மருத்துவ குணமுள்ள பானம் என்று விற்க ஆரம்பித்தார். கல்லடைப்பு, சிறுநீர்க் கோளாறு, மூட்டுவலி, உடம்பில் நீர் கோத்த வீக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது என்று விளம்பரம். மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கையோடு மாதிரி பாட்டிலும் அனுப்பினார். பாராட்டி வந்த கடிதங்கள் விளம்பரத்தில் ஏறின. ஜின்னில் ஜூனிப்பர் என்ற செடியின் காயின் சாரம் உண்டு, அது சிறுநீரைப் பெருக்கும் என்பது பழைய மருத்துவத்தில் இருந்த கருத்து. அதோடு ஆல்கஹாலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். வாங்கிக் குடித்தவருக்குக் கண்ணெதிரே ‘பலன்’ தெரிந்தது. அந்த பாட்டில்கள் கடல் தாண்டி ஆஸ்திரேலியா வரை போயின.

அந்தக் காலத்து மருத்துவர்களை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. காய்ச்சல் என்றால் உடம்பு தளர்கிறது, தளர்ந்த உடம்பைத் தூக்கி நிறுத்த ஊக்கி வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ராபர்ட் பென்ட்லி டாட் என்ற பெரிய மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளுக்கு இரவும் பகலும் பிராந்தி கொடுத்து வைத்தியம் பார்த்தார். குடித்ததும் முகம் சிவக்கிறது, கை கால் கதகதப்பாகிறது, நோயாளியும் தெம்பாக இருக்கிறது என்கிறார். வேறென்ன சாட்சி வேண்டும்?

தெர்மாமீட்டர் சொன்ன சாட்சி வேறு மாதிரி இருந்தது. 1866-ல் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் ஆறு அங்குலத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு இருபது நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். அதே பத்தாண்டில் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் அளந்து பார்த்துச் சொன்னார்: ஆல்கஹால் உடம்பின் வெப்பத்தை ஏற்றுவதில்லை, குறைக்கிறது. தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்து வீணாகிறது. அதைத்தான் நாம் கதகதப்பு என்று உணர்கிறோம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிறவர்கள் குளிருக்கு என்று பையில் எடுத்துப் போகும் பிராந்திக்கும் இதே கணக்குதான். 1873-ல் லண்டனில் மதுவைக் கிட்டத்தட்ட அறவே ஒதுக்கிவிட்டு வைத்தியம் பார்க்க ஒரு மருத்துவமனையே தொடங்கினார்கள்.

சரி, ஆராய்ச்சி ஒரு பக்கம் போக, கடைவீதி இன்னொரு பக்கம் போனது. அதற்குக் காசு ஒரு காரணம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது சாராய வரி ஒரு கேலனுக்கு 20 சென்ட்டில் தொடங்கி, 1865-ல் 2 டாலர் வரை ஏறியது. மருந்து பாட்டிலுக்கோ சில சென்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மருந்துக் கடையில் விற்கலாம், மதுக்கடை லைசென்ஸ் தேவையில்லை. பிட்ஸ்பர்க்கில் 1853-ல் தொடங்கிய ஹாஸ்டெட்டர் நிறுவனத்தின் ‘வயிற்றுக் கசப்பு மருந்து’, போர்முனையில் கெட்ட தண்ணீர் குடிக்கும் வீரர்களுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏராளமாக விற்றது. அதில் கிட்டத்தட்ட பாதி ஆல்கஹால், விஸ்கி அளவுக்குக் காட்டம்.

எனக்கு மனம் ஆறாதது ரோச்செஸ்டர் நகரத்து வால்டர் டஃபியின் விளம்பரங்களைப் பார்க்கும்போதுதான். அவர் விற்றது மால்ட் விஸ்கி. லேபிளில் ‘மனிதகுலம் அனைத்துக்கும் மருந்து’ என்று போட்டிருந்தார். குடுவையைக் கையில் பிடித்த தாடிக்காரர் ஒருவரின் படம். ஒரு விஞ்ஞானியே உத்தரவாதம் கொடுப்பது போன்ற தோற்றம். அளவு ஸ்பூன் கணக்கில். நூறு வயதைத் தாண்டியவர்களின் படம் போட்டு, அவர்களின் ஆயுளுக்கு இந்த விஸ்கியே காரணம் என்று பத்திரிகைகளில் வரும். பாதிரியார்கள் பெயரிலும் பாராட்டு வந்தது. எல்லாவற்றையும்விட, காசநோயைக் குணப்படுத்தும் என்றார்கள்.

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது 1882-ல். அதைக் கொல்லும் மருந்து கைக்கு வந்ததோ 1940-களில்தான். இடைப்பட்ட அறுபது வருடமும் ரத்தம் ரத்தமாக இருமிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்த ஒரு தாய், கடையில் ‘குணமாகும்’ என்று எழுதிய பாட்டிலைப் பார்த்தால் வாங்காமல் என்ன செய்வாள்? கொடுத்ததும் இருமல் கொஞ்சம் அடங்கும், பிள்ளை தூங்கும், மறுநாள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடும். கிருமி நுரையீரலைத் தின்றுகொண்டே இருக்கும். எங்கள் காசநோய்ப் பிரிவில் இன்றும் இதன் மிச்சத்தைப் பார்க்கிறேன். “சளிக்கு ஒரு கட்டிங் போட்டா இதமா இருக்கு” என்று, ஐசோனியசிட் பைரசினமைடு மாத்திரைகளோடு மதுவையும் சேர்த்து விழுங்கி, கண் மஞ்சளாகி வந்து நிற்பார்கள். அந்த மாத்திரைகள் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை. அப்புறம் காசநோய் மருந்தையே நிறுத்தி வைக்க வேண்டிய நிலை வரும்.

1898-ல் அமெரிக்காவுக்கு ஸ்பெயினோடு போர் வந்தபோது மருந்துகளுக்கு வரி போட்டார்கள், அந்த வரிக் கணக்கிலேயே டஃபியின் விஸ்கி மருந்தாக நின்றது. 1905-ல்தான் நியூயார்க் நீதிமன்றம் இது மது, மருந்தல்ல என்றது. அதே வருடம் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் காலியர்ஸ் வார இதழில், இத்தகைய மருந்துகளையும் அவற்றுக்கு வந்த பாராட்டுக் கடிதங்களையும் ஒவ்வொன்றாகக் கிளறி எழுதினார். 1906-ல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஆல்கஹால் கலந்த மருந்துகளை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை, உள்ளே எவ்வளவு ஆல்கஹால் என்று லேபிளில் எழுதச் சொன்னது. விஸ்கியும் பிராந்தியும் அமெரிக்க அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து 1916-ல் நீங்கின.

லேபிளில் எழுத வைத்ததில் ஒரு விஷயம் வெளியே வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிடியா பிங்கம் என்ற அம்மாள் பெயரில் 1875 முதல் பெண்களுக்கான மூலிகை டானிக் ஒன்று விற்றுவந்தது. மாதவிடாய் வலிக்கும் கர்ப்பப்பைக் கோளாறுக்கும் என்று வீட்டுக்கு வீடு இருந்த டானிக். அதில் 18 சதவீதம் ஆல்கஹால். மூலிகையைக் கரைக்கவும் கெடாமல் வைக்கவும் மட்டுமே சேர்த்தது என்று லேபிளில் விளக்கம் கொடுத்தார்கள். அந்த அம்மாளே மதுவிலக்கு ஆதரவாளர். மது பாட்டிலைக் கையால் தொடாத பெண்கள் வருடக்கணக்கில் குடித்திருக்கிறார்கள், குடிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

இதைப் படித்த பிறகு நான் நோயாளிகளிடம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “குடிப்பீங்களா?” என்று மட்டும் கேட்டால் “அதெல்லாம் கிடையாதுங்க” என்பார்கள், பொய்யும் இல்லை. அதனால் கூடவே, “மருந்துக்குன்னு ஏதாவது எடுத்துக்கிறீங்களா? வீட்ல குழந்தைக்குச் சளி பிடிச்சா என்ன கொடுப்பீங்க?” என்றும் கேட்கிறேன். குழந்தைக்கு ஒரு சொட்டு பிராந்தி என்று பல வீடுகளில் பதில் வருகிறது. தேன் கலந்து, வெந்நீரில் விட்டு, அக்கறையோடுதான் கொடுக்கிறார்கள். சிறு குழந்தையின் கல்லீரலில் சர்க்கரை இருப்பு கொஞ்சம்தான். ஆல்கஹால் போனால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கி வலிப்பு வரலாம். ‘நல்லா தூங்குறான்’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிராந்தி கொடுத்த குழந்தை எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எது கொடுத்தோம் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், நாங்கள் திட்ட மாட்டோம்.

கொத்தனார் தம்பிக்குக் கருவி விட்டு கல்லை எடுத்தாயிற்று, வேலைக்கும் போகிறார்.

போன வாரம் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்று வந்தார். கோயில், விரதம், நெற்றி நிறையத் திருநீறு. இரண்டு மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டேன். மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ராத்திரி இருமலுக்கு ரெண்டு மூடி பிராந்தி, வெந்நீர்ல. அது மருந்துதானுங்களே ஐயா.”

எத்தனை நாளாக அம்மா?

“இவளைப் பெத்தப்போ என் மாமியார் கொடுத்தது. அப்போலேர்ந்துதான்.”

பக்கத்தில் நின்ற மகளுக்கு நாற்பது வயது இருக்கும்.